கடைசியா வர்றவனுக்கு யார் காத்திருப்பா?

ஜுபைல்ல உட்கார்ந்துகிட்டு பனிச்சறுக்கு பத்தி எழுதுறியே, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சான்னு என் தங்கச்சி ஏற்கனவே கேட்டாச்சு. அதனால நீங்க கேட்க வேண்டாம் :-)

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். படிக்கிறது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில, வருஷத்துக்கு நாலஞ்சு மாசம் பனி கொட்டுற ஊர்ல. வளர்ந்தது ஜுபைல்ல. அப்பா இங்கே ஒரு பிளான்ட்ல பைப்பிங் சூபர்வைசர். இப்போ கோடை விடுமுறை. வெளியே 45 டிகிரி. ஜூன் 15ல் இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சவூதியில் சட்டம் உண்டு. அந்த மூணு மணி நேரத்தில் வீட்டுக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, கல்லூரியில் போன பிப்ரவரியில் பார்த்த ஒரு விஷயம் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தது. அதைத் தேடிக்கொண்டு போனதில் கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு.

மேட்டர் என்னன்னா, என் ரூம்மேட் கல்லூரி அணியில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ ஓடுகிறவன். சினிமாவில் மலை உச்சியிலிருந்து சர்ருன்னு இறங்குவாங்களே, அது இல்லை. அது ஆல்பைன். கிராஸ் கன்ட்ரியில் ஏத்தமும் உண்டு, இறக்கமும் உண்டு, சமதளமும் உண்டு. தோராயமா மூணுல ஒரு பங்கு ஒவ்வொண்ணும் இருக்கிற மாதிரி பாதை போடுவார்கள். குதிகால் பலகையோடு ஒட்டியிருக்காது. கை, கால், முதுகு, நுரையீரல் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் பிழிந்து எடுக்கிற விளையாட்டு. ரெண்டு பாணி இருக்கு. நேராக வெட்டப்பட்ட தடத்தில் ஓடுவது போலப் போவது கிளாசிக். ஸ்கேட்டிங் மாதிரி காலை விரித்து விரித்துத் தள்ளுவது ஃப்ரீஸ்டைல். இந்த இரண்டாவது பாணி 1980களில்தான் பரவி, பெரிய சண்டைக்குப் பிறகு தனிப் பந்தயமாகப் பிரிக்கப்பட்டது.

அமெரிக்காவின் கிழக்குப் பக்கக் கல்லூரிகளில் இந்தப் போட்டி வார இறுதிகளுக்கு 'கார்னிவல்' என்று பெயர். திருவிழா! டார்ட்மத் கல்லூரியில் ஃப்ரெட் ஹாரிஸ் என்கிற மாணவர் 1909ல் பனிக்கால விளையாட்டுகளுக்காக ஒரு சங்கம் ஆரம்பிக்க, அதிலிருந்து 1911ல் பிறந்ததுதான் முதல் கார்னிவல். பிறகு மற்ற கல்லூரிகளும் பிடித்துக்கொண்டன. 1954ல் இருந்து தேசிய அளவில் கல்லூரிகளுக்கான ஸ்கீ சாம்பியன்ஷிப்பும் நடக்கிறது. போட்டி பெரும்பாலும் வெள்ளி, சனி. அதாவது நம்ம சவூதி வீக்கெண்ட்! 2013ல் வியாழன்-வெள்ளி விடுமுறையை வெள்ளி-சனியாக மாற்றினார்களே, அதுக்கு இப்படி ஒரு பயன் இருக்கும்னு யாருக்குத் தெரியும். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே சாயங்காலம் 6. அப்பா டீ கிளாஸோட உட்கார்ந்து என் ரூம்மேட்டின் லைவ் டைமிங்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஸ்கீயை நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத மனுஷன்!

அந்த வார இறுதி அவனுக்கு வெச்சு செஞ்சுருச்சு. வெள்ளிக்கிழமை கிளாசிக். வெப்பநிலை சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறது, மேலே ஈரப் பனி விழுந்துகொண்டே இருக்கிறது. கிளாசிக் ஓடுகிறவர்களுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. பலகையின் நடுப்பகுதியில் பிடிப்புக்காக ஒரு மெழுகு தடவுவார்கள். மெழுகு கெட்டியாக இருந்தால் ஏத்தத்தில் கால் பின்னால் வழுக்கும். இளக்கமாக இருந்தால் பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டு ஹீல்ஸ் போட்ட மாதிரி ஆகிவிடும். அவனுக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் இருந்து எண்ணினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடக்கூடிய இடம். சனிக்கிழமை 20 கி.மீ., எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிற பந்தயம். முதல் ஏத்தத்திலேயே பின்னால் வந்தவன் மிதித்து இவனுடைய கைக்கம்பு முறிந்துவிட்டது. ஒற்றைக் கம்போடு தடுமாறியவனுக்கு ஓரத்தில் நின்ற இன்னொரு கல்லூரியின் கோச் தன் கையில் இருந்த கம்பை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டு முடித்தான். ஜெயிச்சவங்க உடை மாற்றி, சூப் குடித்து, வண்டியில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்.

ஜுபைலில் இருந்து போன். "அந்தப் பையன் வந்துட்டானாடா?" வந்துட்டான்ப்பா. "அப்ப சரி" என்று வைத்துவிட்டார். என்ன இடம் என்று கேட்கவே இல்லை.

இந்த 'வந்துட்டானா' என்ற கேள்விக்கு இந்த விளையாட்டில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது மக்களே.

1998 பிப்ரவரி 12, ஜப்பான் நகானோ ஒலிம்பிக். 10 கி.மீ. கிளாசிக். ஜெயித்தவர் நார்வேயின் பியோர்ன் டேலி. குளிர்கால ஒலிம்பிக்கில் மொத்தம் 8 தங்கம் வாங்கிய மகா ஆசாமி. அவருடைய நேரம் 27 நிமிடம் 24.5 வினாடி. பதக்க மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், மனுஷன் போக மாட்டேன் என்கிறார். இன்னும் ஒருத்தர் வர வேண்டியிருக்கிறது. அவர் கென்யாவின் பிலிப் போய்ட். ஒலிம்பிக் 800 மீட்டரில் 1972ல் வெண்கலம் வாங்கிய மைக் போய்ட்டின் உறவினர். ஓட்டக்காரர்கள் குடும்பம். 1996 வரை பனியையே பார்க்காதவர். நைக்கி நிறுவனம் ஒரு சோதனையாக இவரையும் இன்னொரு கென்யரையும் பின்லாந்துக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தது. அன்றைக்கு நகானோவில் ஈரமும் மழையும். என் ரூம்மேட்டுக்கு நடந்த அதே கூத்து, பலகையில் பனி ஒட்டுகிறது. போய்ட் 47 நிமிடம் 25.5 வினாடியில் வந்தார். 92வது இடம், கடைசி. டேலி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். போய்ட் ஊருக்குப் போய், பிறந்த மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார்.

இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். நெகிழ்ச்சியான ஃபார்வர்டு மெயில்களில் சுத்தின கதைதான். ஆனால் அப்போதே ஒரு முணுமுணுப்பு இருந்தது: இது விளம்பர வேலை, ஒரு ஷூ கம்பெனி போட்டோவுக்காக ஒருத்தரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்று. இந்த முணுமுணுப்புக்குப் பதில் அந்த அணைப்பு இல்லை. போய்ட் அதோடு நிறுத்தாததுதான் பதில். 2002 சால்ட் லேக் சிட்டிக்குப் போனார். 2006 டுரினுக்கும் போனார், அங்கே அவர் கடைசி இல்லை. போட்டோவுக்கு வந்த ஆள் எட்டு வருஷம் பனியில் கிடக்க மாட்டான்.

இப்போ இதற்கு நேர் எதிரான ஒரு கதை. 2017 ஜனவரி. வெனிசுவேலாவைச் சேர்ந்த அட்ரியன் சொலானோ பாரிஸ் விமான நிலையத்தில் இறங்குகிறார். அங்கிருந்து ஸ்வீடன் போய்ப் பயிற்சி எடுத்து, பிறகு பின்லாந்தின் லஹ்தியில் நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பில் ஓடத் திட்டம். கையில் 28 யூரோ. 'வெனிசுவேலாவில் இருந்து ஸ்கீ ஓட வந்திருக்கேன்' என்று சொன்னால் எந்த அதிகாரி நம்புவார்? நம்பவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளைகுடாவுக்கு வந்த எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு கவுண்டர் கதை இருக்கும். பத்தாவது தாண்டாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று குறிக்கிற வழக்கம் நம் ஊரில் பல காலமாக உண்டு. நீ சொல்கிற வேலைக்குத்தான் போகிறாயா, திரும்பி வருவாயா, உன்னிடம் காசு எவ்வளவு இருக்கிறது... கேள்விகள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'இவன் இதைச் செய்யக்கூடியவன் இல்லை' என்று முடிவு கட்டுவதும் ஒன்றுதான்.

சொலானோ விடவில்லை. பின்லாந்துக்காரர் ஒருவர் இணையத்தில் பணம் திரட்டிக் கொடுக்க, பிப்ரவரியில் லஹ்தி வந்து சேர்ந்தார். அதுவரை பயிற்சி எல்லாம் ரோலர் ஸ்கீயில், அதாவது தார் ரோட்டில் ஓட்டுகிற, சக்கரம் வைத்த குட்டைப் பலகையில். நிஜப் பனியில் முதல் அனுபவமே அங்கேதான். 10 கி.மீ. தகுதிப் பந்தயத்தில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார், முடிக்க முடியவில்லை. ஸ்பிரிண்ட்டில் கடைசியாக வந்து முடித்தார். அவர் விழுகிற வீடியோ உலகம் பூரா சுத்தியது. 'உலகத்திலேயே மோசமான ஸ்கீ வீரர்' என்று தலைப்பு.

போய்ட்டும் கடைசி, சொலானோவும் கடைசி. ஒருத்தருக்கு அணைப்பு, ஒருத்தருக்குக் கேலி. என்ன வித்தியாசம்? ரொம்ப யோசித்துப் பார்த்தால், எல்லைக்கோட்டில் யார் நின்றிருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது. ஒரு பெரிய ஆள் காத்திருந்தால் ஊரே மரியாதை கொடுக்கும். யாரும் இல்லையென்றால் கேமரா மட்டும் இருக்கும்.

ஆனால் இந்த ரெண்டிலுமே எனக்கு ஒரு உறுத்தல். கேலி தப்பு, சரி. பரிதாபக் கைதட்டல் மட்டும் சரியா? ரெண்டு பேருமே அந்த மனுஷன் எவ்வளவு வேகமாக ஓடினான் என்று பார்ப்பதில்லை. இங்கேதான் நம்ம ஆட்கள் வருகிறார்கள்.

இந்தியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரர் ஜெரமி புஜாகோவ்ஸ்கி, 1964 இன்ஸ்ப்ரக், ஆல்பைன். கிராஸ் கன்ட்ரியில் 2006 டுரினில் பகதூர் குப்தா, 2010 வான்கூவரில் தாஷி லுண்டுப், 2014 சோச்சியில் நதீம் இக்பால், 2018 பியோங்சாங்கில் ஜெகதீஷ் சிங். இந்த நாலு பேரில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளின் பெயர்கூட நமக்கு மனப்பாடம்!

நதீம் இக்பால் கதையைப் பாருங்க. 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சஸ்பெண்ட் பண்ணிவிட்டது. சோச்சி தொடக்க விழாவில் நம்ம ஆட்கள் மூவர்ணக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். பிப்ரவரி 11 அன்று தடை நீங்கியது. 14ஆம் தேதி நதீமின் 15 கி.மீ. கிளாசிக். மூணு நாள் முன்னாடிதான் அவருக்கு ஒரு நாடு திரும்பக் கிடைத்தது! 55 நிமிடம் 12.5 வினாடி, 85வது இடம். ஜெயித்த ஸ்விட்சர்லாந்தின் டாரியோ கொலோன்யா 38 நிமிடம் 29.7 வினாடி.

2018 பிப்ரவரி 16, பியோங்சாங், 15 கி.மீ. ஃப்ரீஸ்டைல். மறுபடி கொலோன்யா தங்கம், இந்தத் தூரத்தில் தொடர்ந்து மூன்றாவது ஒலிம்பிக். நேரம் 33 நிமிடம் 43.9 வினாடி. ஜெகதீஷ் சிங் 43 நிமிடம் 0.3 வினாடி, 103வது இடம். நம் பத்திரிகைகளுக்கு 103 என்ற எண் போதும். ஒரு வரிச் செய்தி, முடிஞ்சது கதை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் இன்ஜினியரிங் மாணவன், கணக்கு போடலைன்னா தூக்கம் வராது. ஜெகதீஷ், உலகத்தின் மிகச் சிறந்த ஆளைவிட 27.5 சதவீதம் அதிக நேரம் எடுத்திருக்கிறார். இதை மாரத்தான் பாஷையில் சொன்னால், முதல் ஆள் 2 மணி 5 நிமிடத்தில் முடித்தால் நம்மாளு 2 மணி 39 நிமிடம். உங்க ஊரில் மாரத்தான் ஓடுகிற யாரிடமாவது போய் 2:39 என்று சொல்லிப் பாருங்க, எழுந்து நின்று கைகொடுப்பார். நதீமின் கணக்கு 43 சதவீதம், அதாவது 2 மணி 59 நிமிடம். மூணு மணிக்குள் மாரத்தான் என்பது ஊரில் எத்தனையோ பேருக்கு ஆயுட்காலக் கனவு. நகானோவின் போய்ட்கூட 73 சதவீதம், 3 மணி 36 நிமிடம். பனியைப் பார்த்து ரெண்டே வருஷம் ஆன ஆளுக்கு! 'கடைசி' என்ற வார்த்தைக்குள் இவ்வளவு விஷயம் இருக்கு.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பும் இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது. முதல் ஆளை விட எவ்வளவு பின்தங்கினாய் என்ற விகிதத்தை 800ஆல் பெருக்குவார்கள் (தனித்தனியாகக் கிளம்புகிற பந்தயத்துக்கு). பூஜ்யம் என்றால் உலகத்தரம், கூடக்கூட மோசம். இத்தோடு அந்தப் பந்தயத்தின் தரத்தைப் பொறுத்து அபராதப் புள்ளிகளும் சேரும். 2018 ஒலிம்பிக்கில் தொலைதூரப் பந்தயத்துக்கு வர சின்ன நாட்டு வீரர்களுக்கு வைத்த வாசல், 300 புள்ளிக்குள் இருக்க வேண்டும் என்பது. அதுவும் ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் இல்லை, ஐந்து பந்தயங்களின் சராசரி. ஜெகதீஷின் பியோங்சாங் ஓட்டத்தை இந்தச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 220 வரும். அதாவது அவர் பரிதாபத்தில் உள்ளே வந்தவர் இல்லை. வாசலில் தலை இடிக்காமல் நிமிர்ந்தே உள்ளே வந்தவர்.

சரி, ஏன் 27 சதவீதம்? சோம்பேறித்தனமா? இல்லை. காரணங்களை அடுக்கலாம்.

முதலாவது, காலம். நார்வேயில் இது விளையாட்டு மட்டுமில்லை, நடை. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1206ல், குழந்தை இளவரசன் ஹாக்கோனை ரெண்டு வீரர்கள் ஸ்கீயில் தூக்கிக்கொண்டு மலை தாண்டிக் காப்பாற்றினார்கள் என்பது அவர்களின் தேசியக் கதை. அதன் நினைவாக 1932ல் ஆரம்பித்த பிர்கெபெய்னர் பந்தயத்தில், குழந்தைக்குப் பதிலாக இன்றைக்கும் 3.5 கிலோ பையை முதுகில் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும். நம்ம ஊரில் காவடி தூக்குற மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். எண்ணூறு வருஷ நினைவோடு மோதுகிறவனுக்கு 27 சதவீதம் என்பது அவ்வளவு தூரம் இல்லை.

இரண்டாவது, நம்மிடம் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பது. 1948ல் காஷ்மீர் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஜெனரல் கே.எஸ். திம்மய்யா குல்மார்க்கில் தன் டிவிஷனுக்காக ஒரு ஸ்கீ பள்ளி ஆரம்பித்தார். அதே வருஷம் நவம்பரில் ஸோஜி லா கணவாய்க்கு டாங்குகளை ஏற்றி உலகத்தை அசரவைத்தாரே, அவரேதான். அந்தப் பள்ளி வளர்ந்து உயர்மலைப் போர்ப் பள்ளி ஆனது. அந்தப் பனிதான் பல வருஷமாக இந்திய ஸ்கீயின் தாய்வீடு. ஆக, நம் ஊரில் ஸ்கீ கற்பவன் பெரும்பாலும் சிப்பாய். முதல் வேலை எல்லையில் நிற்பது, ரெண்டாவது வேலைதான் பந்தயம். நார்வேயிலும் 18ஆம் நூற்றாண்டில் ராணுவத்தில்தான் போட்டியாக ஆரம்பித்தது, ஆனால் அங்கே ராணுவத்தில் இருந்து ஊருக்குள் வந்துவிட்டது. நம்மிடம் இன்னும் முழுசாக வரவில்லை.

மூன்றாவது, பனி. 2025ல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் பகுதியை பிப்ரவரியில் நடத்த முடியவில்லை. போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். இருக்கிற ஒரு சில இடங்களிலும் பனி ஏமாற்ற ஆரம்பித்தால் பையன் எங்கே போய்ப் பயிற்சி எடுப்பான்? ரோட்டில்தான், சக்கரப் பலகையில்தான்.

நான்காவது, யாரும் பார்க்காத ஒன்று: மெழுகு, பலகை, அதைத் தயார் பண்ணும் ஆட்கள். பெரிய அணிகள் ஒரு வீரருக்குப் பல ஜோடி பலகைகளோடும், மெழுகு நிபுணர்கள் பட்டாளத்தோடும் வருவார்கள். காலையில் பனியின் ஈரத்தைப் பார்த்து எது ஓடும் என்று சோதித்துக் கொடுப்பார்கள். தனி ஆளாக வருகிறவன் முந்தின ராத்திரி தானே தேய்த்துக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வர வேண்டியதுதான்.

இதெல்லாம் சாக்கு இல்லைங்க. ஒரு நேரத்தை எப்படிப் படிப்பது என்பதற்கான அகராதி.

இனி அந்தக் கைக்கம்பு விஷயத்துக்கு வருவோம். என் ரூம்மேட்டுக்கு அடுத்த அணியின் கோச் கம்பு கொடுத்தது அவ்வளவு பெரிய அதிசயம் இல்லை, இந்த விளையாட்டில் அது வழக்கம். ஆனால் அந்த வழக்கத்துக்கு ஒருமுறை ரொம்பப் பெரிய விலை கொடுக்க வேண்டி வந்தது. 2006 டுரின், பெண்கள் டீம் ஸ்பிரிண்ட். கனடாவின் சாரா ரென்னரின் கம்பு ஓட்டத்தின் நடுவே முறிந்தது. பாதை ஓரத்தில் நின்ற ஒருவர் தன் கம்பை நீட்டினார். அவர் நார்வே அணியின் பியோர்னர் ஹோகன்ஸ்மோன். ரென்னரும் பெக்கி ஸ்காட்டும் வெள்ளி வாங்கினார்கள். நார்வே நான்காம் இடம். அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் நார்வேக்கு ஒரு பதக்கம் கிடைத்திருக்கலாம்! கனடாக்காரர்கள் நன்றி சொல்லி டன் கணக்கில் மேப்பிள் பாகு அனுப்பிவைத்தார்கள். நார்வேயில் அவரைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தால், ஹீரோவாக்கிவிட்டார்கள்.

காத்திருக்கும் வழக்கமும் அப்படித்தான், டேலியோடு நின்றுவிடவில்லை. 2018ல் ஜெகதீஷ் ஓடிய அதே பந்தயத்தில் கடைசி ஆள் மெக்ஸிகோவின் ஹெர்மான் மத்ராசோ, வயது 43. தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டியபோது, அவருக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருந்த டோங்கா தீவின் பீட்டா தௌஃபத்தோஃபுவாவும் மற்ற பின்வரிசை ஆட்களும் காத்திருந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். இந்தக் காட்சி எனக்கு நகானோவைவிடப் பிடிக்கும். இங்கே காத்திருந்தது ராஜா இல்லை, சக பயணிகள். 2022 பெய்ஜிங்கில் 15 கி.மீ. கிளாசிக் தங்கம் வாங்கிய பின்லாந்தின் ஈவோ நிஸ்கனென், கடைசியாக வந்த கொலம்பியாவின் கார்லோஸ் அந்த்ரேஸ் கின்டானாவுக்காக நின்று கைகொடுத்தார். 24 வருஷத்தில் வழக்கம் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

இதில் வளைகுடா எங்கே வருகிறது என்கிறீர்களா? வருகிறது. 2005ல் துபாய் ஒரு மாலுக்குள் பனியைக் கொண்டுவந்து வைத்தது. 2022 பெய்ஜிங்கில் ஃபாயிக் அப்தி சவூதியின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரராக ஆல்பைன் ஸ்கீயில் இறங்கி, ஜயன்ட் ஸ்லாலமை முடித்தும் காட்டினார். அதே வருஷம் அக்டோபரில் 2029 ஆசிய குளிர்கால விளையாட்டுகளை சவூதியின் ட்ரோஜெனா மலைக்குக் கொடுத்தார்கள். 2026 ஜனவரியில் அது தள்ளிவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. சிரித்தவர்கள் உண்டு.

ஜுபைல்ல வளர்ந்தவனுக்கு அவ்வளவு சுலபமா சிரிப்பு வராது. மீன்பிடிப்பும் முத்துக்குளிப்புமாக இருந்த சின்ன ஊர் இது. 1975ல் ஜுபைலுக்கும் யன்புவுக்குமான ராயல் கமிஷன் வந்தபோது, இந்தச் சப்கா உப்பு மண்ணில் தொழில் நகரமா என்று கேட்காதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். இப்போது கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ரியாத்துக்குக் குழாயில் அனுப்புகிற ஊர். இதைக் கட்டிய கைகளில் எத்தனையோ பேர், வந்த அன்றைக்கு அந்த வேலையைப் பார்த்தே இராதவர்கள். எங்க அப்பா தூத்துக்குடி பக்கத்து ஆள். இங்கே வரும் வரை ஒரு ரிஃபைனரியின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை. முதல் வருஷம் அவர் செட்டில் கடைசியாக வேலை முடிப்பவர் அவர்தானாம். கூட இருந்த ஒரு மலையாளி ஃபோர்மேன் தினமும் பஸ்ஸை ரெண்டு நிமிஷம் நிறுத்திவைப்பாராம், இவர் ஏறும் வரைக்கும். அதனால்தானோ என்னவோ, லைவ் டைமிங்கில் அவர் கண் மேல் பக்கம் போகவே இல்லை.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. காற்று மைனஸ் 20க்குக் கீழே போனால் ஸ்கீ பந்தயம் நடத்தக் கூடாது என்பது சர்வதேச விதி. நுரையீரல் தாங்காது. இங்கே மத்தியான வெயிலுக்கு விதி. உடம்பு எங்கே உடையும் என்பதை ரெண்டு ஊரும் எழுதிவைத்திருக்கின்றன. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் மனுஷன் போய்ப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு நல்ல சேதி. குல்மார்க் பள்ளியை ஆரம்பித்த திம்மய்யா குடகுக்காரர். காப்பித் தோட்டமும் மழையும் உள்ள மலை நாடு. பனி கிடையாது. அதே குடகில் இருந்து வந்த பவானி தெக்கட நஞ்சுண்டா என்ற பெண், 2025ல் சிலியில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கி.மீ. கிராஸ் கன்ட்ரியில் வெண்கலம் வாங்கினார். இந்த விளையாட்டில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் சர்வதேசப் பதக்கம் அது. சிப்பாய் இல்லை, இமயமலையில் பிறந்தவரும் இல்லை. 1948ல் ஒரு குடகுக்காரர் போட்ட தடத்தில், 77 வருஷம் கழித்து இன்னொரு குடகுக்காரி வந்து சேர்ந்திருக்கிறார். பகதூர் குப்தா, தாஷி லுண்டுப், நதீம் இக்பால், ஜெகதீஷ் சிங் எல்லாரும் அந்தத் தடம் பனியில் மூடிப்போகாமல் பார்த்துக்கொண்டவர்கள்.

அதனால அடுத்த தடவை ஏதாவது ஒரு பந்தயத்தின் முடிவுப் பட்டியல் கையில் கிடைச்சா, ஒரு தடவை கீழே இருந்து மேலே படிச்சுப் பாருங்க. நாட்டின் பெயரைப் பாருங்க, அங்கே பனி உண்டான்னு பாருங்க, நேரத்தைக் கணக்குப் போடுங்க. பரிதாபப்பட வேண்டாம். கணக்கு சரியா வந்தா, மரியாதை தானா வரும்.